வாட்ச்மேன் சம்பளம் கோரி விண்ணப்பம்

பெருமதிப்புக்குரிய மனை விற்பனை நிறுவனத்தாருக்கு,

ஜவ்வாது மலை நெல்லிவாசல்நாட்டிலிருந்து உங்கள் வாட்ச்மேன் எழுதிக்கொள்வது. இங்கு நலம். உங்கள் நலம் விளம்பரப் பலகையிலேயே தெரிகிறது.

நான் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்த செய்தியே போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரியவந்தது. உங்கள் முகவர் பெங்களூரு வண்டியில் ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து, என் சாமைக் கொல்லை வரப்பில் நிறுத்தி, "வியூ பாருங்க சார்" என்றார். யாரென்று கேட்கப்போன என்னைக் காட்டி, "நம்ம வாட்ச்மேன்தான், பழைய ஆளு" என்று சொல்லிக் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்தார். கொல்லையின் பட்டா என் அப்பா பெயரில் இருக்கிறது. அதைச் சொல்லி வாடிக்கையாளர் முன்னால் முகவரின் மானத்தை வாங்குவது ஒரு நல்ல வாட்ச்மேனுக்கு அழகா?

காவல் காப்பவன் கண்டதைச் சொல்ல வேண்டும், சொல்கிறேன். அந்த பெங்களூரு சார், முகவர் தனக்காகத்தான் விலை பேசுகிறார் என்று நம்புகிறார். வாங்குபவரிடமும் விற்பவரிடமும் கமிஷன் பெறும் ஒருவர் யாருக்காகப் பேசுவார் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் வீட்டு அம்மா கொஞ்சம் விவரம். மனைத் திட்டத்தின் ரெரா பதிவு எண் கேட்டார்கள். "இது மனையே இல்லைங்க மேடம், பண்ணை நிலம்" என்றார் முகவர். மனையே இல்லாத இடத்தில் முப்பதடி ரோடும் நம்பர் போட்ட கல்லும் எதற்கு என்று கேட்கவந்த நாக்கை, சம்பளத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

இருக்கும் நம்பிக்கைகளிலேயே அருமையானது, "பத்திரம் பதிவானால் நிலம் நம்முடையது" என்பதுதான். அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுங்கள். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தோண்டுவது சார்பதிவாளரின் வேலையல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லி, தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(1)-ஐ ரத்து செய்துவிட்டது. முத்திரைத்தீர்வை, பதிவுக்கட்டணம் என்று 100-க்கு 9 ரூபாய் கட்டுகிறவருக்கு அரசு தருவது, பத்திரம் பதிவானது என்ற சான்று மட்டும். இது வெளியே தெரிந்தால் உங்கள் தொழில் என்னாவது?

எங்கள் பக்கத்து நம்பிக்கையும் உண்டு. "பவர்தான் எழுதிக் கொடுக்கிறோம், நிலம் நம்மிடம்தான் இருக்கும்" என்று கிழவர்கள் கைநாட்டு வைக்கிறார்கள். விதைக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய கைமாற்றுக்குக் காடு போகிறது. நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலமென்றால், நிபந்தனையை மீறியதாகச் சொல்லி அரசே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை, கமிஷன் மட்டும் கைமாறியிருக்கும். ஆந்திராவின் பட்டியல் பகுதிகளில் எங்களைப் போன்ற பழங்குடிகளின் நிலத்தை மற்றவருக்கு விற்றால் செல்லாது என்று 1970-இலேயே சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்படி ஒரு சதுர அடிகூட அப்படிப் பட்டியல் பகுதியாக அறிவிக்கப்படவில்லை. ஏலகிரியில் ரிசார்ட் வாசலில் சல்யூட் அடிக்கிறவனின் பாட்டன் அந்த நிலத்தில் ஏர் ஓட்டியிருப்பான். அவனையும் இப்படித்தானே ஐந்துக்கும் பத்துக்கும் வாட்ச்மேன் ஆக்கினீர்கள், வெட்கமில்லாமல்!

மன்னிக்கவும். இரவுப்பணியில் இருப்பவனுக்குக் கொஞ்சம் சூடு ஏறும். உங்கள் பெருந்தன்மை ஜவ்வாது மலையைவிட உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தாத்தா காலத்திலிருந்தே குடும்பமாக இந்த இடத்தைக் காவல் காத்துவருகிறோம். காட்டுப்பன்றி விரட்டியதற்கு இரவுப்படி, களை எடுத்ததற்கு ஓவர்டைம், வியூவைக் கெடுக்காமல் வைத்திருந்ததற்குத் தனியாக ஏதாவது. பாக்கி முழுவதையும் தீர்த்துவிட்டு அடுத்த வண்டியை அனுப்பவும். ஐம்பது ரூபாயை முன்பணமாகக் கழித்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தை அந்த பெங்களூரு சாரும் படிக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றோடு நிற்காமல் அ-பதிவேட்டையும், நிலம் யாருக்கு என்ன நிபந்தனையில் ஒப்படைக்கப்பட்டது என்ற ஆணையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள் சார். முகவரிடம் கேட்காதீர்கள், தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.