ஆவணியில மட்டும் வந்துடாதீங்க, தம்பி

கோடியக்கரைக்குப் பறவை பாக்க வரணும்னா மார்கழி, தையில வாங்க தம்பி. ஆவணி, புரட்டாசியில வந்துடவே வந்துடாதீங்க. அப்ப இங்க ஒண்ணுமே இருக்காது. உள்ளான் இருக்கும், உப்புக்கொத்தி இருக்கும், கோட்டான் இருக்கும், ஆலா இருக்கும். அதையெல்லாம் பறவைன்னு நீங்க ஒத்துக்கவா போறீங்க? உங்களுக்குப் பூநாரை வேணும். அதுவும் கூட்டமா நிக்கணும், நீங்க நாலு இட்லி சாப்பிட்டுட்டு வர்ற வரைக்கும் கலையாம இருக்கணும்.

ஆவணியில வெயில் வேற. சதுப்பு பாதி காஞ்சு வெடிச்சுக் கெடக்கும். உப்பளத்துல இன்னும் உப்பு வாரிக்கிட்டு இருப்பாங்க, குவியலைப் பாத்தாலே கண்ணு கூசும். 1930-ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்தே வந்து உப்பு அள்ளினது இங்க பக்கத்து வேதாரண்யத்துலதான், அதுவும் சித்திரை வெயில்ல. உங்ககிட்ட அவ்வளவு தியாகத்தை யாரும் கேக்கலை. ஏசியைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி வழியாவே பாத்துட்டுப் போங்க.

அந்த நேரத்துல வந்து இறங்குறதும் பெரிய மனுசங்க இல்லை. கொசு உள்ளான்னு ஒண்ணு. பேரைப் பாருங்க, கொசு! எடை 25 கிராம் தேறுனா அதிகம். உங்க கேமராவோட மூடியே அதைவிடக் கனம். அது சைபீரியாவோட வடகோடியில, மரமே முளைக்காத பனிச்சீமையில குஞ்சு பொரிச்சுட்டு, உடம்புல சேத்த கொழுப்பை எரிச்சு எரிச்சு இங்க வந்து சேரும். வந்ததும் ‘அப்பாடா’ன்னு உக்காராது. உப்புப்பாத்தி ஓரத்துல பூச்சியும் புழுவுமா கொத்திக்கிட்டே இருக்கும். அந்த நேரம் பாத்து நீங்க ஒரு கல்லை எடுத்து வீசுங்க. மொத்தமா எழும்பும், படம் ரொம்ப நல்லா வரும். அதுக்கு மிச்சமிருந்த கொழுப்பும் போயிடும். அதைப் பத்தி உங்களுக்கென்ன, லைக்கு வந்தாச் சரி.

வளைமூக்கு உள்ளான் குடும்பக் கதையைக் கேட்டீங்கன்னா எங்க ஊர்ல சில பேருக்குக் குளுகுளுன்னு இருக்கும். ஆம்பளை அடைகாக்கவே மாட்டாரு. பொம்பளை முட்டையில உக்காந்ததும், ஆனி மாசமே தெக்க நடையைக் கட்டிடுவாரு. பொம்பளை பின்னால கிளம்பி வரும். அந்த வருசம் பொரிச்ச குஞ்சுங்க கடைசியா, கூட ஆளில்லாம, முன்னப்பின்ன போகாத பாதையில தானா வரும். முதல்ல வர்ற பெருசுங்க நெஞ்செல்லாம் செங்காவி நிறம் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கும். நீங்க தையில வரும்போது எல்லாம் உதிர்ந்து சாம்பலா நிக்கும். “என்னய்யா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு?”ன்னு கேப்பீங்க. கேக்கத்தான் செய்வீங்க.

என் பேத்தி போன்ல படிச்சுச் சொன்னா. 2022-ல பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒண்ணு, பொறந்து 5 மாசம்தானாம், அலாஸ்காவுல கிளம்பி 11 நாள் எங்கயும் இறங்காம 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவுல போய் இறங்கிச்சாம். அந்தச் சாதிப் பறவை இங்கயும் வரும். உங்க பையன் பன்னெண்டாவது படிக்கிறான், டியூஷனுக்கு நீங்களே கொண்டுபோய் விட்டு வாசல்ல காத்திருக்கீங்க. நீங்க மேப்பைப் பாத்து ஓட்டியும் வண்டி உப்பளத்து வரப்புல இறங்குச்சு. நான் ஒப்பிட்டுப் பேசலை, சும்மா சொன்னேன்.

குருவி காலுல வளையம் மாட்டுறதுக்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க சாலிம் அலி காலத்துலேர்ந்தே இங்க வந்தாங்க. பீகார்லேர்ந்து பரம்பரையாப் பறவை பிடிக்கிற ஆளுங்களையும் கூட்டிட்டு வந்தாங்க. பிடிப்பாங்க, எடை போடுவாங்க, நம்பர் போட்ட வளையத்தை மாட்டிப் பறக்க விட்டுடுவாங்க. பிடிச்ச உள்ளானைத் தின்னாம விடுறதுக்கு இவ்வளவு செலவு பண்ணுவாங்கன்னு எங்க பெரியப்பா சாகுற வரைக்கும் நம்பலை.

காட்டுப் பக்கம் போறீங்களா? அது 1967-ல வெளிமானுக்காகச் சரணாலயம் ஆன காடு. 2002-ல ராம்சார் ஈரநிலப் பட்டியல்லயும் இந்தப் பக்கமெல்லாம் ஏறுச்சு. உள்ளானுக்கு யாரும் தகவல் சொல்லலை, அது பழையபடியே வந்துக்கிட்டிருக்கு. புரட்டாசி, ஐப்பசியில ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்துலேர்ந்து ராத்திரி ராத்திரியாப் பறந்து இந்தக் காட்டுல வந்து விழும். சிலது இங்கயே தங்கிடும், சிலது கடலைத் தாண்டி இலங்கைக்குப் போயிடும். பச்சை, நீலம், சிவப்புன்னு அத்தனை நிறத்தையும் பூசிக்கிட்டுத் தரையில சருகைக் கிளறிக்கிட்டு இருக்கும். நீங்க மரத்து உச்சியையே அண்ணாந்து பாத்துட்டு, “ஒண்ணுமில்லையே”ன்னு திரும்பிடுவீங்க. பரவாயில்லை, குரங்கு இருக்கு. கையில சிப்ஸ் பாக்கெட்டு வெச்சிருங்க, அதுங்களா வந்து உங்களைப் பாத்துக்கும்.

இவ்வளவு சொல்லியும் புரட்டாசியிலதான் வருவேன்னு பிடிவாதம் பிடிச்சா, சிவப்புச் சட்டை போடாம, பாட்டுப் பெட்டி இல்லாம, விடியுறதுக்கு முன்ன வந்து கதவைத் தட்டுங்க. நான் எழுந்திருக்க மாட்டேன். பேத்தியைக் கேளுங்க, எந்த உள்ளான் எதுன்னு அவளுக்குத்தான் தெரியும். எனக்குக் கண்ணு மங்கிப் பல வருசமாச்சு. எதைக் காட்டினாலும் கொசு உள்ளான்னுதான் சொல்லுவேன், நீங்களும் எழுதிக்கிட்டுப் போவீங்க.