கடுக்காய் மலையடிவாரத்தில் டோனர்

முகம் கழுவிய பின் பஞ்சில் நனைத்துப் பூசப்படும் டோனர் என்னும் நீர்மத்துக்கு ஒருகாலத்தில் நியாயமான வேலை ஒன்று இருந்தது: அமில-காரக் குறியீட்டில் 9 அல்லது 10ஐத் தொடும் சோப்பு, 5ஐ ஒட்டி நிற்கும் தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைத்துவிட்டுப் போக, அதைச் சற்று விரைவாக மீட்டுத் தருவதே அவ்வேலை. இன்றைய ஃபேஸ்வாஷ்களில் பல தோலுக்கு இணங்கவே தயாரிக்கப்படுவதால் டோனருக்கு வேலை போயிற்று; விலை மட்டும் போகவில்லை. துளையின் வாயைத் திறந்து மூட அங்கே தசை ஏதும் இல்லை என்ற உடற்கூற்று உண்மையைப் பொருட்படுத்தாமல், மயிர்த்துளைகளை மூடுவதாகவும் அது இன்றுவரை வாக்களிக்கிறது. தேர்தல் வாக்குறுதிகளுக்குப் பழகிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இது பெரிய குற்றமன்று.

பல புட்டிகளில் வட அமெரிக்கப் புதரான விட்ச் ஹேசலின் சாறு சேர்க்கப்படுவதற்குக் காரணம், புரதத்தோடு பிணைந்து தோலை இறுகச் செய்யும் துவர்ப்புப் பொருளாகிய டானின் அதில் இருப்பதே. அதே டானின் செறிந்த கடுக்காயைத்தான் இம்மாவட்டத்துக் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலமாகக் காட்டில் பொறுக்கி விற்றுவருகின்றனர். ஆட்டுத்தோலைப் பதனிடுவதற்கும் கடுக்காயே உதவிவந்ததால், அதை முகத்துக்குப் பரிந்துரைப்பது நாகரிகக் குறைவாகக் கருதப்படலாம். ஆகவே மூட்டைக் கணக்கில் மலையிறங்கும் துவர்ப்பை விடுத்து, மில்லிலிட்டர் கணக்கில் கடல் தாண்டி வரும் துவர்ப்பையே வாங்குவது அறிவியல்பூர்வமான சருமப் பராமரிப்பு எனப்படுகிறது.