பித்தளை துலக்கும் பெரியவர்

அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போனாலும், சுட வந்தவர்கள் எல்லாரும் எதிரே இருக்கும் இலக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். தலையில் சாயம் போன தொப்பி, கையில் காலியான காப்பி டப்பா. பக்கத்து மேடைக்காரர் கடைசித் தோட்டாவையும் சுட்டுத் தீர்க்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். பிறகு மெல்ல நெருங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, “கீழ கெடக்கிறதை நீங்க எடுத்துக்கப் போறீங்களா?” என்பார். இல்லை என்ற பதில் வந்ததுதான் தாமதம், முழங்கால் வலி, மருத்துவர் சொன்ன கட்டுப்பாடு எல்லாவற்றையும் மறந்து மண்டியிட்டுவிடுவார். டப்பாவுக்குள் கணகணவென்று வெற்றுப் பித்தளை உறைகள் விழும்.

இவர்தான் ரீலோடர். சுட்ட தோட்டாவின் உறைக்குள் புதிதாக மருந்தடைத்து மறுபடி சுடுகிறவர். பென்சில்வேனியாவில் இருப்பார், ஒஹாயோவில் இருப்பார், டெக்சாஸில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். வீட்டை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கார் வெளியே பனியில் நனைந்துகொண்டிருக்கும். கராஜுக்குள் பித்தளை காய்ந்துகொண்டிருக்கும்.

ஒரு தோட்டாவில் நாலு சங்கதி உண்டு: பொறி கிளப்பும் பிரைமர், வெடிமருந்து, குண்டு, இவற்றைத் தாங்கும் பித்தளை உறை. விசையை இழுத்த கணத்தில் முதல் மூன்றும் செலவாகிவிடும். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த உறை மட்டும் மறுபடி உதவும்படி மிஞ்சும். அதைத் தரையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஊதாரிகள் என்பது இவர் கட்சி.

இந்த வம்சம் தழைத்ததற்கு ஓர் ஆங்கிலேயருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1866-இல் அமெரிக்கரான ஹைரம் பெர்டான் ஒரு வகைப் பிரைமருக்கும், இங்கிலாந்தின் வுல்விச் படைக்கலச் சாலையில் இருந்த எட்வர்ட் பாக்ஸர் இன்னொரு வகைக்கும் காப்புரிமை வாங்கினார்கள். பெர்டான் உறையின் அடியில் பொதுவாக இரண்டு துளைகள், ஓரமாக இருக்கும். பாக்ஸர் முறையில் நட்டநடுவே ஒரே துளை. நடுவில் துளை இருந்தால் ஒரு கம்பியை விட்டுப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம், வேலை முடிந்தது. கூத்து என்னவென்றால், அமெரிக்கர் கண்டுபிடித்தது பெரும்பாலும் ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. ஆங்கிலேயர் கண்டுபிடித்தது அமெரிக்காவில் குடியேறிவிட்டது. அந்த ஒற்றைத் துளை வழியாகத்தான் நம் பெரியவரின் சேமிப்பு இன்றுவரை ஒழுகிக்கொண்டிருக்கிறது.

சேமிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த வேலையை இவர் தொடங்கியதே காசு மிச்சம் பிடிக்கத்தான். கணக்கெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். பிரைமர் இவ்வளவு, மருந்து இவ்வளவு, குண்டு இவ்வளவு, பித்தளை இலவசம், ஆகக் கடை விலையில் பாதி லாபம். அழுத்தும் யந்திரம், தராசு, அளவுகோல், அச்சுகள், அவற்றை வைக்க மேசை, மேசையை வைக்க கராஜ் எதுவும் கணக்கில் வராது. இந்தக் கூட்டத்தாரே தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்: ரீலோடிங்கில் காசு மிஞ்சாது, அதே காசுக்கு அதிகமாகச் சுடலாம், அவ்வளவுதான். 2020-இல் பெருந்தொற்றோடு சேர்ந்து பிரைமர் பஞ்சமும் வந்தது. கடை அலமாரிகள் காலி. கிடைத்த இடத்தில் விலை பல மடங்கு. மருந்தடைக்க வழியில்லை. பெரியவர் அசரவில்லை. இருந்த பித்தளையை எல்லாம் எடுத்து மறுபடி ஒருமுறை துலக்கினார்.

துலக்குவதில்தான் அவர் வாழ்க்கையே இருக்கிறது. முதலில் உலர் முறையில் இருந்தார். அரைத்த மக்காச்சோளத் தக்கையோ வால்நட் ஓடோ நிரப்பிய ஒரு கிண்ணம், மோட்டாரின் தயவில் மணிக்கணக்கில் அதிர்ந்துகொண்டிருக்கும். பித்தளையும் பளிச்சென்று ஆகும். ஆனால் பெரும்பாலான பிரைமர்களில் ஈயக் கலவை உண்டு. வெடித்தபின் உறைக்குள் தங்கும் கரியில் அந்த ஈயமும் இருக்கும். உலர் முறையில் கிளம்பும் தூசியோடு அது மூக்குக்குள்ளும் போகும். மருத்துவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டியபடி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மனைவி பார்க்கக்கூட இல்லை. “அது இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்று மட்டும் சொன்னாள். அன்றோடு ஈர முறைக்கு மாறினார்.

ஈர முறைக்கு வேண்டியது வெட் டம்ளர் என்கிற உருட்டு யந்திரம். படுக்கை வாட்டில் சுழலும் ஒரு டிரம். அதற்குள் பித்தளை, தண்ணீர், ஒரு பீச்சல் பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், ஐந்து பவுண்டு துருப்பிடிக்காத எஃகு ஊசிகள். ஒவ்வோர் ஊசியும் கால் அங்குல நீளம், அங்குலத்தில் 0.047 தடிமன். மூடியைத் திருகி ஓட விட்டால், ஊசி போகாத இண்டு இடுக்கு கிடையாது. வேதியியல் என்னவோ நம் வீட்டில் பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பதுதான். நம் பாட்டிமார் கை வலித்தால் நிறுத்திவிடுவார்கள். இங்கே மோட்டாருக்குக் கை கிடையாது.

அந்த யந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் வைபவத்தில்தான் ஆள் முழு உருவத்தோடு வெளிப்படுவார். வீடு வாங்கும்போது ஒரே சாயங்காலத்தில் முடிவெடுத்தவர் இவர். பெண்ணை மணந்தது அதைவிட வேகமாக. உருட்டு யந்திரம் என்று வந்ததும் மாதக்கணக்கில் ஆராய்ச்சி. அவருக்கு வேண்டிய குணம் ஒன்றே ஒன்று: நீடித்து உழைக்க வேண்டும்.

கடைக்காரப் பையன் விளையாட்டாகத்தான் ஆரம்பிப்பான். “சார், இது ஏழு லிட்டர் டிரம். சின்ன ரைஃபிள் உறைன்னா ஒரே நேரத்துல ஆயிரம் போடலாம்னு போட்டிருக்கான்.”

“ஆயிரம் போடலாம்ப்பா. அப்புறம் தண்ணி, ஊசி எல்லாம் சேர்ந்து முப்பது பவுண்டு வருமே, அதைத் தூக்கிச் சுத்துறது யாரு? இந்த மோட்டாரா?”

“ஆமா சார்.”

“சூடானா தானா நின்னுடுமா? இல்ல எரிஞ்சுதான் நிக்குமா?”

பையன் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்குவான். அதற்குள் பெரியவர் டிரம்மைத் தட்டிப் பார்த்திருப்பார். உள்ளே ரப்பர் பூச்சு உண்டா? இல்லையென்றால் ராத்திரி முழுக்க மழை நாளில் தகரக் கொட்டகைதான். உருளைகள் பேரிங்கில் சுழல்கின்றனவா, வெறும் பிளாஸ்டிக் புஷ்ஷிலா? மூடி கசியுமா, வாஷர் தனியாகக் கிடைக்குமா? டிரம் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து கீழே குதிக்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக அந்த பெல்ட். இதே அளவு பெல்ட் இன்னும் இருபது வருஷம் கழித்து உள்ளூர் இரும்புக் கடையில் கிடைக்குமா?

“ஒரு வருஷம் வாரன்டி இருக்கு சார்” என்பான் பையன், பரிதாபமாக. பெரியவர் அவனை விடப் பரிதாபமாக அவனைப் பார்ப்பார்.

இந்த விஷயத்தில் கட்சிகள் உண்டு. பழைய கட்சி தம்ளர்ஸ் மாடல் பி-யின் பக்தர்கள். அது கூழாங்கல்லை மெருகேற்றுகிறவர்களுக்காகப் பிறந்த யந்திரம். ரப்பர் பூசிய அறுகோண டிரம், பதினைந்து பவுண்டு தாங்கும். கல்லையே உருட்டிய யந்திரத்துக்குப் பித்தளை எம்மாத்திரம் என்பது அவர்கள் வாதம். புதிய கட்சிக்கு ஃபிராங்ஃபோர்ட் ஆர்சனல் என்ற பெயரில் வரும் பெரிய பிளாஸ்டிக் டிரம். அசல் ஃபிராங்ஃபோர்ட் ஆர்சனல் என்பது பிலடெல்பியாவில் 1816 முதல் 1977 வரை இயங்கிய அமெரிக்க ராணுவப் படைக்கலச் சாலை. இன்றைய சாமான் கம்பெனிக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். பெரியவருக்கும் அது தெரியும். இருந்தாலும் பெட்டியில் அந்தப் பெயரைக் கண்டதும் முதுகு தானாக நிமிரும். மூன்றாவது கட்சி சிமென்ட் கலவை யந்திரத்தையே வாங்கிவிடும் தீவிரவாதிகள். நாலாவது கட்சிக்காரர்கள் எதையும் வாங்க மாட்டார்கள். பருமனான பிவிசி குழாயின் இரு முனையையும் அடைத்து, மனைவி நடந்து சலித்த டிரெட்மில்லின் மோட்டாரைக் கழற்றி மாட்டி, தாங்களே செய்துகொள்வார்கள்.

நம்மவர் நாலு கட்சிக் கூட்டத்துக்கும் போய்விட்டு, கடைசியில் ஒன்றை வாங்குவார். கூடவே உபரி பெல்ட் இரண்டு, உபரி வாஷர் நாலு, உபரி மோட்டார் ஒன்று. மறுவாரம் போய் அதே யந்திரத்தை இன்னொன்றும் வாங்கி வருவார். நீடித்து உழைக்கும் என்ற நம்பிக்கையில் முதலாவது. உழைக்காவிட்டால் என்ற பயத்தில் இரண்டாவது.

“நான் போனப்புறமும் இது ஓடும்” என்பார் மனைவியிடம், பெருமையாக.

“யாருக்காக?” என்பாள் அவள்.

துலக்கும் நாளன்று அவர் வேறு மனிதர். முதலில் பழைய பிரைமர்களை ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளுவார். பிறகு ரகம் பிரிப்பார். பிரிக்காமல் கொட்டினால் ஒன்பது மில்லிமீட்டர் உறை நாற்பது காலிபர் உறைக்குள் நுழையும், நாற்பது நாற்பத்தைந்துக்குள் நுழையும், சந்தில் ஊசி சிக்கும், பிறகு குறடு கொண்டு பிரசவம் பார்க்க வேண்டியதுதான். மணிக்கணக்கிலும் சூட்சுமம் உண்டு. அளவாக ஓடினால் போதும். இன்னும் கொஞ்சம் மின்னட்டும் என்று ஓட விட்டால் உறைகள் ஒன்றையொன்று மோதி வாய் விளிம்பு மழுங்கிவிடும். அமிலத்தில் கை தாராளமானால் துத்தநாகம் கரைந்து பித்தளை ரோஜா நிறத்துக்கு மாறும். இரண்டையும் பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டு, டைமரை மூன்று மணி நேரத்துக்குத் திருகுவார்.

மூடியைத் திறந்தால் தார் போன்ற தண்ணீர். அதில் ஈயம் இருப்பதால் கையுறை போட்டுக்கொள்வார். சமையலறைத் தொட்டிப் பக்கம் போகக் கூடாது என்று அரசு உத்தரவு, அதாவது மனைவியின் உத்தரவு. அடுத்தது ஊசி வேட்டை. சல்லடையில் குலுக்குவார், காந்தத்தால் இழுப்பார். அப்படியும் தப்பிய ஊசிகள் காலுறையில் கிடைக்கும், துணி துவைக்கும் யந்திரத்தில் கிடைக்கும், நாயின் பாதத்தில் கிடைக்கும். எல்லாவற்றிலும் விஷமம் பிடித்தது, உறையின் அடித்துளைக்குள் இரண்டு ஊசிகள் ஒட்டிக்கொண்டு செருகிக்கொள்வது. துளையின் அகலம் 0.080 அங்குலம். ஓர் ஊசி தாராளமாகப் போய்வரும். இரண்டு சேர்ந்தால் அசையாது. அதனால் ஆயிரம் உறையையும் ஒவ்வொன்றாக விளக்கொளிக்கு நேரே தூக்கி, இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பார்ப்பார். அன்றிரவு உணவு மேசையில் மனைவி பேசும்போதும் இடக்கண் மூடியே இருக்கும்.

உலர்த்துவதற்கு ஆப்பிள் வற்றல் போடும் மின்சார உலர்த்தியைக் கராஜுக்குக் கொண்டுபோனார். அது திரும்பி வரவில்லை. வீட்டில் இப்போது ஆப்பிள் வற்றலைக் கடையில் வாங்குகிறார்கள்.

இவ்வளவும் வீண் என்று சொல்லிவிட முடியாது. அழுக்கு உறை அச்சைக் கீறும். துலக்கிய உறையில்தான் கழுத்து விரிசல் கண்ணில் படும். அடிப்பக்கத்தில் தெரியும் மெல்லிய வெளிறிய வளையத்தைக் கண்டு, அடுத்த முறை சுட்டால் இது இரண்டாகப் பிரியும் என்று ஒதுக்கலாம். முகத்துக்கு அரையடி தள்ளி வெடிக்கப்போகும் ஒன்றை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறவரைக் கேலி செய்யக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கவனத்துக்குச் சாதாரணப் பளபளப்பே போதும். துல்லியத்துக்கும் மினுமினுப்புக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பந்தயத்தில் சுடுகிற கைதேர்ந்தவர்கள் பலர் உறையின் கழுத்தைத் துணியால் துடைப்பதோடு சரி. அதோடு, கழுத்துக்குள் இருந்த கொஞ்சம் கரிதான் குண்டு வழுக்கிக்கொண்டு உட்கார உதவிக்கொண்டிருந்தது. ஊசி போட்டு உருட்டியபின் அது சுத்தமாகப் போய்விட, குண்டு கீச்சென்று கத்திக்கொண்டு இறங்குகிறது. பெரியவர் யோசித்தார். கடைக்குப் போய் கிராஃபைட் தூள் ஒரு டப்பா வாங்கி வந்தார். கிராஃபைட் என்றாலும் கரிதான். கரியைக் கழுவ ஒரு யந்திரம், கரியைப் பூச ஒரு டப்பா. கேட்டால், “அது அழுக்குக் கரி, இது சுத்தக் கரி” என்கிறார்.

மைதானத்தில்தான் அடுத்த சோதனை. அவருடைய பிஸ்டல், சுட்ட உறையைப் பத்தடி தூரம் சேற்றில் வீசியது. அத்தனை மணி நேரம் குளிப்பாட்டிய பிள்ளை! தார்ப்பாய் விரித்துப் பார்த்தார். வலை கட்டிப் பார்த்தார். கடைசியில் பிஸ்டலை விற்றுவிட்டு ரிவால்வர் வாங்கக் கிளம்பினார். அதில் ஆறு உறையும் உருளைக்குள்ளேயே இருக்கும். பத்திரமாக உள்ளங்கையில் கவிழ்த்துக்கொள்ளலாம்.

அதே கடை, அதே பையன். குழலின் நீளம், விசையின் இழுவை, குறிமுனையின் நேர்த்தி என்று மூச்சுவிடாமல் சொன்னான். பெரியவர் கையமர்த்தினார்.

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. உருளையைத் தொறந்தா ஆறும் மொத்தமா கையில விழுமா, சொல்லு.”

“குறி எவ்வளவு துல்லியம்னு கேக்கலியே சார்?”

“எதுக்கு?” என்றார் பெரியவர்.