எங்கள் லயத்து மலக்குழிக்கு ஒரு சென்சர் வேண்டி

பெறுநர்: தோட்டக் குடியிருப்புகளின் சுகாதாரத்தைக் கட்டிக்காக்கும் மேலிடம், கொழும்பு.

மேன்மை தங்கிய ஐயா,

அக்கரப்பத்தனை பஜாரில் வாகன வயரிங் வேலை செய்பவன் எழுதிக்கொள்வது. எங்கள் லயத்து மலக்குழி பற்றி இதற்கு முன் கொடுத்த மனுக்களைத் தாங்கள் மறந்துவிடலாம். அவையெல்லாம் அழுகைக் கடிதங்கள். இது தொழில்நுட்ப விண்ணப்பம்.

போன சீசனில் வெள்ளைக்காரச் சோடியொன்று கேம்பர் வேனில் எங்கள் கராஜுக்கு வந்தது. அடுப்பு, கட்டில், கக்கூசு எல்லாம் வண்டிக்குள்ளேயே. எங்கள் காம்பராவைவிடச் சின்னது, வசதி மட்டும் துரை பங்களாவுக்குக் குறையாது. எஞ்சினில் கோளாறில்லை. கழிவுத் தாங்கியைக் காலி செய்த பிறகும் ‘ஃபுல்’ என்று லைட் எரிகிறது, அதைப் பார் என்றார்கள்.

சூத்திரம் எளிதுதான். தாங்கிச் சுவரில் கீழிருந்து மேலாக உலோக முனைகளைப் பதித்திருப்பார்கள். மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுசு என்று கணக்கு. சுவிட்சை அமுக்கினால் 12 வோல்ட் பற்றரியிலிருந்து துளி மின்சாரம் போகும். கழிவு எந்த முனையைத் தொடுகிறதோ அதுவரை லைட் எரியும். நாளாவட்டத்தில் கடதாசியும் பிசுக்கும் சுவரில் அப்பிக்கொள்ளும். அந்த ஈரப் படலத்தின் வழியாகவே மின்சாரம் ஓடிவிடும். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் பலகை ‘ஃபுல்’ என்று சாதிக்கும்.

வைத்தியம் உண்டு. சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றி, வண்டியை ஓட்டிக் குலுக்கி வடிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஐஸ்கட்டி போட்டும் குலுக்கலாம் என்பார்கள். எங்கள் தோட்டத்து ரோட்டில் அது தேவைப்படவில்லை. ஒரு சுற்றுப் போய்வந்ததில் படலமும் கழன்றது, வண்டியின் பின்கதவும் கழன்றது. இதற்கும் மசியாத தாங்கிக்கு வெளிச்சுவரில் ஒட்டும் சென்சர் இருக்கிறது. அழுக்கைத் தொடாமல் தூர நின்றே மட்டத்தைக் கணிக்கும். அந்தக் கலையில் தங்களுக்குள்ள அனுபவம் அதற்குக் கிடையாது ஐயா. ஆனால் அது சரியான கணக்குச் சொல்கிறது.

இனி எங்கள் தாங்கிக்கு வருகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாக, பின்னால் பொதுக் கக்கூசு, அடியில் குழி. இப்போதைக்குச் சென்சர் வேலை பார்ப்பது கடைசிக் காம்பரா ஆச்சிதான். காற்று திரும்பும் பக்கம் மூக்கைக் காட்டி, “இன்னும் ரெண்டு வெரக்கடதான்டா” என்பார். தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் ஆச்சிக்கு லீவு. குழியே மேலே வந்து தகவல் சொல்லும். அங்கிருந்து கானில் இறங்கி, பீலிக்கரை தாண்டி, ஆக்ரா ஓயாவில் விழுந்து தலவாக்கலைப் பக்கம் போகிறது. அங்கே மேல் கொத்மலைத் திட்டத்தில் 2012 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். தேசிய உற்பத்தியில் எங்கள் பங்களிப்பைத் தேயிலையோடு மட்டும் நிறுத்திக் கணக்கிட வேண்டாம்.

சென்சரைப் பொருத்துவது யார் பொறுப்பு என்று விசாரித்தேன். 1992இல் கம்பெனிக்குக் கிடைத்தது நிர்வாகம் மட்டும், நிலம் அரசாங்கத்தினுடையது என்றது ஒரு மேசை. லயம் கம்பெனியின் தலைவலி என்றது இன்னொரு மேசை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் வேலை செய்ய விடாமல் கையைக் கட்டியிருக்கிறது என்று முப்பது வருசம் சொல்லிவந்தார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்திக் கட்டை அவிழ்த்தாயிற்று. இப்போது கை இருக்கிறது, கையில் காசில்லையாம்.

2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி ஐயா இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது நானும் கைதட்டினேன். 7 பேர்ச் காணியில் தனி வீடென்றால் தனிக் குழியும் வரும், சென்சருக்கு அலைய வேண்டியிருக்காது. எங்கள் டிவிசனுக்கு இன்னும் முறை வரவில்லை.

தங்கள் அலுவலக அட்டவணையில் மட்டும் எங்கள் டிவிசனுக்கு நேரே ‘மலசலகூட வசதி: பூர்த்தி’ என்று போட்டிருக்கிறதாம். யாரும் பொய் எழுதியிருக்க மாட்டார்கள் என்று ஒரு தொழிலாளியாக நம்புகிறேன். எப்போதோ நாட்டிய அடிக்கல்லின் படமும், திறப்புவிழாப் பொன்னாடையும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் நானே கொண்டுவருகிறேன். குலுக்குவதற்குத் தாங்கள் எங்கள் ரோட்டில் ஒருமுறை வந்துபோனால் போதும்.

சென்சருக்கு நிதி இல்லையென்றால் லைட் பலகையை மட்டுமாவது அனுப்பிவையுங்கள். குழியிலிருந்து கொழும்புவரை வயர் இழுத்துத் தங்கள் மேசையிலேயே பூட்டித் தருகிறேன். கூலி வேண்டாம். இரவில் எரிந்தால் மணி அடிக்கவும் செய்யலாம், அதற்கும் ஒரு வழி தெரியும்.

பதில் எழுதுவதில் ஒரு சங்கடம். எங்கள் லயத்துக்குத் தெருப்பெயரோ வீட்டு இலக்கமோ கிடையாது. தபால் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், அங்கே பிரித்துப் பார்த்த பிறகே எங்கள் கைக்கு எட்டும். தங்கள் பதிலை முதலில் வாசிக்கப்போகிறவர் நான் யார்மேல் புகார் சொல்கிறேனோ அவரேதான். அவரையும் நலம் விசாரித்து இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கீழ்ப்பணிந்த வயரிங்காரன்,
அக்கரப்பத்தனை.