பி.ஏ.விலிருந்து எம்.பி.ஏ.வுக்கு

கேள்வி: பி.ஏ. தமிழ் இலக்கியம் இறுதியாண்டு படிக்கிறேன். ஐஐஎம்மில் சேர ஆசை. விண்ணப்பிக்க முடியுமா?
- மாணவி, கும்பகோணம்

பதில்: தாராளமாக. ஐஐஎம்களுக்கான நுழைவுத் தேர்வான கேட் எழுதப் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45. இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம். எந்தப் பாடத்தில் பட்டம் என்று விதி கேட்பதில்லை. அதைக் கேட்பவர்கள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள்தான். அவர்களுக்குப் பாயசத்தைக் காட்டிவிட்டு நீங்கள் படிக்கப் போங்கள்.

கேள்வி: அஞ்சல் வழியில் வாங்கிய பட்டம் செல்லுமா?
- வாசகர், கடலூர்

பதில்: யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம், அந்தப் படிப்புக்கும் அங்கீகாரம் என்றால் செல்லும்.

கேள்வி: கணக்கு என்றாலே எனக்குக் காய்ச்சல். பத்தாம் வகுப்போடு அதற்கு டாட்டா காட்டிவிட்டேன். கேட் தேர்வில் என் கதி?
- வரலாற்றுப் பட்டதாரி, சிவகங்கை

பதில்: கேட் கேட்கும் கணக்கில் பெரும்பகுதியும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது! சதவீதம், லாப நட்டம், கூட்டு வட்டி, வேலையும் நேரமும், இயற்கணிதம், வடிவியல். மடக்கை, வரிசைமாற்றம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் பதினொன்றாம் வகுப்பை எட்டிப் பார்க்க வேண்டும். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன், எட்டாம் வகுப்புப் பாடநூலில் 'வாழ்வியல் கணிதம்' என்ற பகுதியில் தொடங்குங்கள். தமிழில், இலவசமாகவே இணையத்தில் இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கை இருபத்திரண்டு வயதில் போடும்போது, அது ஏன் அப்படி வருகிறது என்பதும் சேர்ந்து புரியும்.

தேர்வு மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்வி தப்பானால் 1 போகும். எனவே தெரியாத கேள்வியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். முடிவில் வருவது பர்சன்டைல். 99 பர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 99 மதிப்பெண் வாங்கியதாக அர்த்தமில்லை. எழுதிய நூறு பேரில் 99 பேரை முந்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சுமார் 3 லட்சம் பேர் எழுதும் தேர்வு இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் பகுதியில் நீளமான ஆங்கிலப் பத்திகளைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். வரலாறு, தத்துவம், சமூகவியல், பொருளாதாரம் என்று விஷயம் வரும். பல எஞ்சினியர்களுக்கு அங்கேதான் வியர்க்கும். நீங்கள் மூன்று வருடம் வாழ்ந்த ஊர் அது. தினம் ஒரு ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, எழுதியவர் என்ன வாதாடுகிறார் என்பதை மூன்று வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: கலைப் பிரிவு மாணவர்களுக்குத் தனி மதிப்பெண் தருகிறார்களாமே? என் மகன் அதை வாங்கினால் 'சலுகையில் வந்தவன்' என்று பேசுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: பேசட்டும் அம்மா. நேர்முகத்துக்கு ஆள் எடுக்கும்போது சில ஐஐஎம்கள் பொறியியல் அல்லாதவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருவது உண்மை. ஆமதாபாத் ஐஐஎம் படித்த துறையை வைத்து விண்ணப்பதாரர்களை வகை பிரித்து, ஒவ்வொரு வகையிலும் முன்னால் நிற்பவர்களில் சிலரை அழைக்கிறது. இது தர்மம் அல்ல, வகுப்பறையின் தேவை. ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலை முன்னால் வைத்து விவாதித்துக் கற்பதுதான் அங்கே பாடமுறை, ஹார்வர்டிலிருந்து வந்தது. வகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி யோசித்தால் விவாதம் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்கு உங்கள் மகன் வேண்டும்.

ஆனால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண்களும் பல இடங்களில் எடையில் சேரும். பெங்களூரு ஐஐஎம்மில் அந்த எடை கணிசம். கணக்கிடும் முறை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. அந்தந்த நிறுவனம் வெளியிடும் சேர்க்கை விதியை மகனோடு உட்கார்ந்து படித்துவிட்டே இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: நேர்முகத்தில் "தமிழ் படித்துவிட்டு மேனேஜ்மென்ட் எதற்கு?" என்று கேட்டால்?
- முதுகலை மாணவர், திருநெல்வேலி

பதில்: கேட்பார்கள், நிச்சயமாக. அப்போது "எஞ்சினியரிங் கிடைக்கவில்லை" என்ற தொனி மட்டும் குரலில் வந்துவிடக் கூடாது. உங்கள் பாடத்துக்குள்ளேயே வணிகம் கொட்டிக் கிடக்கிறது. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்தில் பொதிகளுக்குப் புலி முத்திரை குத்திச் சுங்கம் வாங்குகிறார்கள். மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெரு வேறு, இரவுக் கடைத்தெரு வேறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கொடுத்து ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி வாங்கிய கணக்கு இருக்கிறது, நூற்றுக்குப் பன்னிரண்டரை! ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வட்டி விகிதத்தைச் சொல்லிவிட்டு, இன்றைய வங்கிக் கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பேசுங்கள். கேள்வி கேட்டவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

நேர்முகத்தில் கலைப் பிரிவு மாணவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் அவர்களுடைய சொந்தப் பாடம்தான். கணக்கிலேயே மூழ்கி, மூன்று வருடம் படித்ததை மறந்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். பிடித்த இரண்டு நூல்களை மறுபடி படியுங்கள்.

கேள்வி: பி.ஏ. முடித்து மூன்று வருடம் அப்பாவின் மளிகைக் கடையில் இருந்தேன். இதெல்லாம் அனுபவமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: விருதுநகரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? கடன் நோட்டில் யாருக்கு எவ்வளவு வரை விடலாம் என்று முடிவு செய்திருப்பீர்கள். அதற்குப் பெயர் கடன் மதிப்பீடு. தீபாவளிக்கு எத்தனை டின் எண்ணெய் எடுப்பது, மீந்தால் எங்கே தள்ளுவது? அது சரக்கு மேலாண்மை. சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு என்று காகிதம் கேட்பார்கள். இப்போதே சேர்த்து வையுங்கள். "கடையைப் பார்த்துக்கொண்டேன்" என்று எழுதாதீர்கள். நீங்கள் மாற்றிய ஒன்று, அதற்கு முன் விற்பனை, அதற்குப் பின் விற்பனை என்று எண்ணோடு எழுதுங்கள்.

கேள்வி: பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்ததே இல்லை. சேர்ந்த பிறகு தாக்குப்பிடிப்பேனா?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: பக்கத்து நாற்காலி எஞ்சினியரும் பார்த்திருக்க மாட்டார். கணக்குப்பதிவியலை அங்கே அடியிலிருந்துதான் தொடங்குவார்கள். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தைக் கோடை விடுமுறையில் முடித்துவிட்டுப் போங்கள், முதல் பருவம் இலகுவாகும். ஸ்டான்ஃபோர்டில் இடைக்கால வரலாறும் தத்துவமும் படித்த கார்லி ஃபியோரினா பிறகு எம்.பி.ஏ. முடித்து, 1999-ல் ஹ்யூலெட் பேக்கர்ட் நிறுவனத்துக்கே தலைமை ஏற்றார்.

கேள்வி: கட்டணத்தைக் கேட்டாலே தலை சுற்றுகிறதே?
- வாசகர், தர்மபுரி

பதில்: சுற்றத்தான் செய்யும். பெரிய ஐஐஎம்களில் இரண்டு வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. இடம் கிடைத்தால் வங்கிகள் கல்விக் கடன் தருகின்றன. கடன் வேண்டாம் என்றால் தமிழ்நாட்டின் நுழைவுத் தேர்வான டான்செட் எழுதுங்கள். அந்த மதிப்பெண்ணில் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இதில் சிறு பகுதிச் செலவில் எம்.பி.ஏ. படிக்கலாம். அதற்கும் எந்தப் பட்டமும் போதும்.

கேள்வி: எப்போது தொடங்கட்டும்?
- வாசகி, ஓசூர்

பதில்: கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் மூடும். தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. கணக்கை விட்டு ஐந்தாறு வருடம் ஆகிவிட்டதென்றால் ஜனவரியிலேயே உட்காருங்கள். முதல் இரண்டு மாதம் பள்ளிப் பாடநூல் மட்டும். மாதிரித் தேர்வு பக்கம் அதற்குப் பிறகு போகலாம்.