அரை காலிகோ

எங்கள் வீட்டுக்கு வாரப் பத்திரிகை வந்தால் முதலில் படிப்பவர் அத்தை. கடைசியில் கிழிப்பவரும் அவரே. பேனாக்கத்தியால் பின்னை நெம்பி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவார். மிச்சம் சுண்டல் மடிக்கப் போகும். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை 'கல்கி'யில் வந்த பொன்னியின் செல்வன் இப்படித்தான், நான் பிறப்பதற்கு முன்பே, ஐந்து பாகமாக எங்கள் வீட்டில் சேர்ந்தது.

எழுபதுகளில் நான் பைண்டரிடம் சுமந்தவை பிந்தைய கதைகள். அச்சகத்தை ஒட்டிய சந்து. நுழையும்போதே மைதாப் பசை வாடை. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார், பசை லேசாக நீலம் தட்டியிருக்கும். "அரை காலிகோவா, முழுசா?" அவர் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். முதுகுக்கும் மூலைகளுக்கும் மட்டும் துணி, நடுவில் மார்பிள் பேப்பர் என்றால் அரை. எங்களுக்கு எப்போதும் அரைதான்.

உதிரித் தாள்களை ஓரமாகக் குத்தூசியால் துளைத்து, மெழுகு தடவிய நூலால் இறுக்கித் தைப்பார். பிறகு அந்தப் புத்தகம் ஜென்மத்துக்கும் மல்லாந்து விரியாது. இரண்டு கையாலும் பிளந்து பிடித்து, தையலுக்குள் போன எழுத்தை எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும். முன்பே அப்படித் தைத்திருந்த பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் ஒரு பக்கத்தில் தலையில்லாமலும் மறுபக்கத்தில் காலில்லாமலும் குதிரை ஓட்டினான். மற்ற மூன்று ஓரங்களையும் கட்டிங் மெஷின் சீவியதில் ஓவியர் மணியம் வரைந்த யானைக்கு வால் போயிற்று. யாரும் கோபித்துக்கொண்டதாக நினைவில்லை. ஓரம் சமமாக இருந்தால் சரி.

1999இல் பொன்னியின் செல்வன் ஆசிரியர் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. இப்போது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். என் மகள் வாங்கிய பிரதி வெள்ளை வெளேர் தாள், பளபள அட்டை. முதுகில் நூல் கிடையாது, வெறும் சூட்டுப் பசை. கதையில் நந்தினி வருவதற்குள் கொத்தாகத் தாள்கள் மடியில் விழுந்தன. ஜெராக்ஸ் கடைப் பையன், "ஸ்பைரல் போட்டுடலாம் சார்" என்றான். சோழ சாம்ராஜ்யம் இன்ஜினியரிங் மாணவனின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டாக வீடு திரும்பியது. அத்தையின் பைண்டிலோ நூல் இன்றும் கெட்டி. பத்திரிகைத் தாள்தான் தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது.

அந்தப் பைண்டைப் பார்க்கப் பழைய இதழ் சேகரிக்கும் இளைஞர் ஒருவர் வீடு தேடி வந்தார். கதைப் பக்கம் அவர் கண் போகவேயில்லை. தாள்களின் பின்புறத்தையே புரட்டிக்கொண்டு வந்தவர், பாதி சோப்பு விளம்பரம் ஒன்றைக் கண்டு முகம் மலர்ந்து, மீதிப் பாதி இல்லையென்றதும் வாடிவிட்டார்.

"முழு இதழா வெச்சிருந்தா விலையே வேற பாட்டி. அட்டை, விளம்பரம், இதுக்குத்தான் இப்ப மதிப்பு. பைண்டு பண்ணிக் கெடுத்துட்டீங்களே!"

தொண்ணூறைத் தாண்டிய அத்தை காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார். "ஒரு வாரம் விடாம கதை முழுசா இருக்கேப்பா?"

"கதை போன்லயே இருக்கு பாட்டி."