கடைந்தெடுத்த அன்பு

ஓய்வு பெற்றவர்கள் முன்பெல்லாம் ஹோமியோபதி படித்தார்கள்; சுற்றத்தாருக்கு இனிப்பு உருண்டையோடு போயிற்று. இப்போது மரம் கடையும் லேத் வாங்குகிறார்கள். கல்யாணமோ காதுகுத்தோ, இனி அந்த வீட்டிலிருந்து ரொக்க மொய் வராது. கடைந்த பேனாதான் வரும்.

பேனாவாவது பரவாயில்லை, சட்டைப்பையோடு போய்விடும். கிண்ணம்தான் வம்பு. ஈரம் காயாத வேப்பங்கட்டையைக் கடைந்து கொடுத்துவிடுவார். அது நம் ஷோகேஸில் உட்கார்ந்து காய்ந்து, வாய் கோணி, ஒரு ராத்திரி ‘படக்’கென்று வெடிக்கும். போன் போட்டால், “மரத்துக்கு உயிர் இருக்கு மாப்ளே!” என்பார்.

அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் கடைகிறவரிடம் இந்த வேதாந்தமெல்லாம் செல்லாது. காய்ந்த கட்டைதான் பட்டறை ஏறும். சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்துவார். உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி வண்ணம் பிடிக்கும். பிறகு தாழை மடலால் ஒரு தேய்ப்பு, பளபளப்பு வந்துவிடும். விரலளவு உரலும் குடமும் இட்லிப் பானையுமாக அவர் நீட்டும் பெட்டிக்கு நாம் கூசாமல் பத்து ரூபாய் குறைத்துக் கேட்போம். கோணல் கிண்ணத்துக்கோ “அடடா, கைவேலை!” என்று மூக்கின்மேல் விரல் வைத்தாக வேண்டும்; கொடுத்தவர் எதிரிலேயே நிற்கிறாரே.

பொங்கலுக்குப் பூரிக்கட்டையாம்.